கிழமை நாளில் அடித்த மணி

போன வாரம் கொழும்புக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் இருந்த யாரோ ஒருவரின் பைக்குள் பழைய காலத்து டெலிபோன் மணி அடித்தது. இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் எந்தச் சத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியும். பூனை கத்தலாம், குழந்தை சிரிக்கலாம். இந்த மனிதர் எங்கள் வீட்டுக் கறுப்பு டெலிபோனையே பிடித்து உள்ளே அடைத்து வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அத்தோடு நின்றுவிட்டது. "மிஸ்ட் கோல்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னதும் கேட்டது. ஐம்பது வயது தாண்டிய ஒருத்தி, மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் பைக்குள் நாலாவது மணி அடிக்குமா என்று காத்திருந்தேன். பம்பலப்பிட்டி தாண்டியும் காத்திருந்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் தெகிவளைப் பாலம் வரை போய், வெயிலில் திரும்பி நடந்து வந்ததில் கீரை வாடிப்போய்விட்டது.

எங்கள் வீட்டில் டெலிபோனுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மூன்று மணி அடித்து நின்றால் "நான் சுகம்" என்று அர்த்தம். நாலாவதும் அடித்தால்தான் எடுக்கவேண்டும், அது ஏதோ கதைக்க இருக்கிற கோல். இதைக் கண்டுபிடித்தவர் அப்பா. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்தார். அங்கே சொந்த விஷயத்துக்குப் போனைத் தொட்டால் மனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாராம். அதனால் வேலை முடிந்து வெளிக்கிடும்போது மூன்று மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். "மனேஜர் கேட்டா, ஆரும் எடுக்கேல்லை சேர் எண்டு சொல்லலாம். அது பொய்யுமில்லை" என்பார். கொழும்பில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு, விளையாட்டாக வந்த அந்தச் சட்டம் எங்கள் வீட்டின் மூச்சாகிவிட்டது. தூரத்தில் எங்காவது அதிர்ந்தால், அந்த மூன்று மணியும் வரும்வரை வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படியிறங்குவார்கள், ஒரே பஸ் ஹோல்ட்டில் நிற்பார்கள், ஆனால் ஒரே பஸ்ஸில் ஏறமாட்டார்கள். முதலில் வருவதில் அம்மா, அடுத்ததில் அப்பா. முதல் பஸ் வெறுமையாக வந்தாலும் அப்பா ஏறமாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். கீழ்வீட்டு ஹனீபா நானாவின் மனைவி இதைப் பல நாள் பார்த்திருக்கிறார். ஒருநாள் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "ஐயாவோட என்ன டீச்சர் கோவம்? வேற வேற பஸ்ஸில போறீங்களே" என்று மெல்லக் கேட்டார். அம்மா சிரித்துச் சமாளித்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அப்போது விளங்கியது. ஒரு பஸ்ஸுக்கு ஏதாவது நடந்தாலும் எனக்கு ஒரு ஆள் மிஞ்சவேண்டும். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அன்று மத்தியானம் அம்மா ஆசையாக வைத்த கணவாய்க் கறி எனக்கு இறங்கவே இல்லை.

பிறகு என்னை இந்தியாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு விடுதிக்கு எதிரே இருந்த போன் பூத்துக்குப் போய், வீட்டு நம்பரைச் சுழற்றி, மூன்று மணி அடித்ததும் வைத்துவிடுவேன். அங்கே யாரும் எடுக்காததால் பில் வராது. பூத்துக்காரருக்கு என்னைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "பேசவும் மாட்டேங்குற, கடையை விட்டுப் போகவும் மாட்டேங்குற, உனக்கு என்னதான்மா வேணும்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். மாதத்தில் ஒருமுறை மட்டும் நாலாவது மணியும் அடிக்க விடுவேன். அம்மா எடுத்து, நான் சாப்பிடுகிறேனா என்று கேட்பாள். அப்பா பின்னால் நின்று எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்லுவார்.

அங்கிருந்து ஒருமுறை குன்னூருக்குப் போனதற்குக் காரணமும் ஒருவகையில் அப்பாதான். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் குளிர் மலையூரான நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லுவார். சுவெட்டர்கூட வாங்கி வைத்திருந்தோம். ஒருமுறை ஊரடங்கு, ஒருமுறை ரயில் ஓடவில்லை, ஒருமுறை ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள். அந்த சுவெட்டர் வெள்ளவத்தைப் புழுக்கத்தில் அலுமாரிக்குள் கிடந்து எனக்கு அளவில்லாமல் போனது. கல்லூரி வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த ஜெயந்திக்குச் சொந்த ஊர் குன்னூர். "ரெண்டு நாள் வாடி, குளிர்னா என்னன்னு காட்டுறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை ஏதோ விடுமுறை. மேட்டுப்பாளையத்தில் ஏறி, அந்தச் சின்ன ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறுவதைப் பார்த்தபடி போனேன். சொந்த நாட்டு மலையைப் பார்க்காதவள், கடல் கடந்து வந்து மலை பார்க்கிறேன் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

இறங்கியதும் யூகலிப்டஸ் வாசம். எங்கள் வீட்டில் தடிமன் வந்தால் சுடுநீரில் விட்டு ஆவி பிடிக்கும் தைலத்தின் அதே வாசம் ஒரு ஊர் முழுக்க அடித்தது. எனக்கு அந்த வாசம் அப்பாவின் கை. போர்வைக்குள் என் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். அன்று பகல் முழுக்க ஜெயந்தியும் நானும் தேயிலைச் சரிவுகளில் திரிந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தப் பகலை என்னால் பிறகு ஒருபோதும் தனியாக எடுத்துப் பார்க்க முடிந்ததில்லை.

பின்னேரம் ஜெயந்தியின் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் டிவி. செய்தி வாசித்தவர் கொழும்பு என்றார். நான் நிமிர்ந்தேன். புகை, ஓடுகிற ஆட்கள், றோட்டெல்லாம் கண்ணாடி. பிறகு கமரா கொஞ்சம் திரும்பியது. கோட்டையில் அப்பா பின்னேரத் தேநீருக்குப் போய் நிற்கும் அந்தச் சந்தியை நான் அடையாளம் கண்டேன். தேநீர்க்கடையைக் காணவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வெடித்தது என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

பஸ் நிலையத்துக்கு ஏறும் பாதையில் மஞ்சள் பலகை மாட்டிய ஒரு பூத் இருந்தது. ஜெயந்தியும் நானும் ஓடினோம். உள்ளே கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் இருந்தார், நாற்பது வயது இருக்கும்.

"எந்த ஊருக்கும்மா?"

"கொழும்புக்கு."

"அவசரமா?"

"ஓம்."

அந்த "ஓம்" என்றதும் அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "சிலோன் புள்ளையா நீ? நாங்களும் அங்கிட்டிருந்து வந்தவங்கதான். பொகவந்தலாவ பக்கம் தோட்டம். நான் சின்னப் பொண்ணா இருக்கையில கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. எங்க அக்கா மட்டும் அங்கயே தங்கிட்டா." பேசிக்கொண்டே நம்பரை அடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் பாக்கியம் என்று பிறகு அறிந்தேன்.

லைன் கிடைக்கவில்லை. எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருக்கின்றன என்று ஒரு பெண்குரல் மிக மரியாதையாகச் சொன்னது. கொழும்பில் சொந்தக்காரர் உள்ள உலகமெல்லாம் அந்த நேரத்தில் கொழும்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும். பாக்கியம் திரும்பத் திரும்ப அடித்தார். நானும் அடித்தேன். வாசலில் குளிர் இறங்கி, விளக்குகள் போட்ட பிறகு, ஒருமுறை பட்டென்று காதுக்குள் மணி அடித்தது. வெள்ளவத்தையில், எங்கள் கூடத்து மூலையில், அந்தக் கறுப்பு டெலிபோன் அடிக்கிறது.

ஒன்று. இரண்டு. மூன்று.

என் கை கொக்கியை அமுக்கிவிட்டது.

இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் நினைத்துச் செய்யவில்லை. வருஷக்கணக்காக மூன்றாவதோடு வைத்துப் பழகிய கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஒருவேளை நாலாவது மணிக்கு யார் எடுப்பார்களோ என்ற பயமும் அந்தக் கைக்குள் இருந்திருக்கலாம். ஜெயந்தி, "ஏய், என்னடி பண்ண!" என்று கத்தினாள்.

"ஏம்மா வச்சிட்ட?" என்றார் பாக்கியம். "மணி அடிச்சுச்சே. எடுக்கறதுக்குள்ள வச்சிட்டியே."

"எங்கட வீட்டில அப்பிடித்தான் அக்கா. மூண்டு தரம் அடிச்சு வைச்சா நாங்கள் சுகம் எண்டு விளங்கிக்கொள்ளுவினம். ஞாயிற்றுக்கிழமை அடிச்சா அது நான். கிழமை நாளில அடிச்சா..."

"கிழமை நாளுல அடிச்சா?"

"அது அப்பா."

அன்று வெள்ளிக்கிழமை, கொழும்பில் வேலைநாள். அம்மா வீட்டில் இருந்திருந்தால், போனுக்குப் பக்கத்தில் இருந்து அப்பாவின் மணிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருப்பாள். அவர் சுகம் என்று நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவர் எங்கே என்று தெரியாத நான், குன்னூரில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப வாங்க லைன் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தோம் என்று எனக்குத் தெரியாது. அந்த மரியாதையான பெண்குரலை நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பாக்கியம் கடை அடைக்கும் நேரம் தாண்டியும் கதவைப் பாதி இறக்கிவிட்டு எனக்காக அடித்துக்கொண்டிருந்தார். "அக்காவோட நீங்க கதைக்கிறனீங்களா?" என்று நடுவில் கேட்டேன், ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காக. "எங்கிட்டு? தோட்டத்து லயத்து வீட்டுல ஏது போனு?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நம்பரை அடித்தார். கடைசியில் ஜெயந்தியின் அப்பா டோர்ச் லைட்டோடு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் முதல் முயற்சியிலேயே லைன் கிடைத்தது. ஜெயந்தி என் வலது கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலாவது மணியும் அடித்தது. அம்மா எடுத்தாள்.

"என்னப்பா, மச்சாள் வீட்டிலயோ நிண்டனீங்கள்? சாப்பிட்டனீங்களோ?"

அப்பாவின் அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவர்கள் வீட்டில் போன் இல்லை. றோட்டெல்லாம் மூடியிருக்கும், எங்கிருந்தோ மணி அடித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருப்பார், இப்போது கூப்பிடுவதும் அவர்தான் என்று அம்மா முடிவு கட்டியிருக்கிறாள்.

"அம்மா, நான்."

"பிள்ளையோ! நீ நியூஸைப் பார்த்துப் பயந்திட்டாய் போல. ஒண்டுமில்லையடா. அப்பா சுகம். இரவு மணி அடிச்சவர்."

அவள் குரலில் அவ்வளவு தெளிவு. எனக்கு ஆறுதல் சொல்லுகிறாள். அந்த நிமிஷம் பூத்தை விட்டு ஓடிவிடலாம்போல இருந்தது.

"அம்மா, அது நான்தான் அடிச்சனான்."

மறுமுனையில் காகம் கத்துவது கேட்டது. கடற்கரை ரயில் போவது கேட்டது.

"அம்மா?"

"வை. போனை வை பிள்ளை. நான் ஹனீபா நானாவைக் கூப்பிட வேணும்."

முதல் நாள் இரவு நடந்ததை எல்லாம் பிறகுதான் அறிந்தேன். நானா தன் வேனின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றிருக்கிறார், "டீச்சர், ஒரு தரம் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று. அம்மா செருப்பைக்கூடப் போட்டுவிட்டாளாம். அந்த நேரம் மணி அடித்தது. மூன்று. "வேண்டாம் நானா, அவர் சுகம், மணி வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். நானாவும் சாமிப் படத்துக்கு எதிரே நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அம்மா புட்டு அவித்துச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டாள்.

சனிக்கிழமை நாள் முழுக்க அந்தப் பூத்தில்தான் இருந்தேன். இப்போது லைன் தாராளமாகக் கிடைத்தது, வீட்டில்தான் ஆள் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் அடிக்கும் மணியும் வெறும் வீட்டில் அடிக்கும் மணியும் காதுக்கு ஒன்றுதான். பின்னேரமாகி, முதல் மணியே முழுதாக அடித்து முடியவில்லை, அம்மா எடுத்துவிட்டாள்.

"இருக்கிறார்" என்றாள்.

நான் அழுத அழுகையில் பாக்கியம் எழுந்து வந்து என் தலையைத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டம். தலையில கட்டு, கையில கட்டு. ஆள் இருக்கிறார். ஆனா நான் கதைக்கிறது ஒண்டும் அவருக்குக் கேக்குதில்லை." பிறகு, "பிள்ளை, இனி அந்த மணி விளையாட்டு வேண்டாம். எடுத்தா கதைக்க வேணும். கேட்டுதே?" என்றாள்.

அப்பாவின் அடையாள அட்டை சேர்ட்டோடு போய்விட்டது. வார்டில் சிங்களத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள். காது கேட்காத மனிதர் அவர்களின் வாயைப் பார்த்தபடி கிடந்திருக்கிறார். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நானா தன் நல்ல சிங்களத்தோடு கட்டில் கட்டிலாகத் தேடிப் போயிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் பெயரில்லாமல் கிடந்திருப்பாரோ. முதல் இரவே போயிருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று பிறகு நான் டொக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். டொக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா ஒருமுறை, எதையோ சொல்ல வந்தவர்போல, "வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தனான். அம்மா வருவா எண்டு" என்றார்.

கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா சொன்னபடி சட்டம் மாறியிருந்தது. போன் முனகத் தொடங்கும்போதே பாய்ந்து எடுத்தாள். குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுத்தாள். தவறான நம்பர்காரர்களிடம்கூட இரண்டு வார்த்தை கதைத்தாள். ஆனால் அப்பாவுக்கு இந்தப் புதுச் சட்டத்தில் பங்கில்லை. நான் கூப்பிட்டுக் கதைப்பதெல்லாம் அம்மாவோடு, அவர் பக்கத்தில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். நான் திரும்பிப் போவதற்கு முதல் நாள், காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய சத்தத்தில், தெருவுக்கே கேட்க, சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை நீ முந்தியப் போலவே அடி. நான் கை வைச்சுக்கொண்டிருப்பன்."

எனக்கு விளங்கவில்லை. அந்தக் கறுப்பு டெலிபோன் இரும்புக்கட்டி மாதிரிப் பாரம், வயிற்றுக்குள் உண்மையான மணி வைத்தது. அடித்தால் மேசையே அதிரும். அப்பா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

அதன் பிறகு ஞாயிறு ஆறு மணி அப்பாவுடையதாயிற்று. நான் படித்து முடித்துச் சென்னையிலும், பிறகு டோஹாவிலும் வேலை பார்த்த காலமெல்லாம் மூன்று மணி அடித்து வைத்தேன். அந்த நேரத்தில் அம்மா போனைத் தொடமாட்டாள், அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். புதிதாக வந்த லேசான பிளாஸ்டிக் போனாக மாற்றித் தர டெலிபோன் கம்பனி ஆட்கள் வந்தபோது அப்பா போட்ட சத்தத்தில் அவர்கள் படியிலேயே திரும்பிவிட்டார்களாம். யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அப்பா போனார். செத்தவீடு முடிந்து நான் டோஹாவுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஆறு மணிக்கு என் கை தானாக அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு வைக்க மனம் வரவில்லை. நாலாவதற்கு அம்மா எடுத்தாள். "கொப்பா இல்லைப் பிள்ளை" என்றாள். "இனி நீ என்னோட கதை."

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு அம்மாவிடமே வந்துவிட்டேன். போன் பூத்துகள் உலகத்திலேயே இல்லாமல் போயின. பாக்கியத்தின் பூத் இருந்த இடத்தில் சொக்லேட் விற்கிறார்கள் என்று ஜெயந்தி சொன்னாள். புருஷனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள், அதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைப்பதில்லை. நானாவின் பிள்ளைகள் அவரைக் கிராண்ட்பாஸுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டை உடைத்து மாடிவீடுகள் கட்டப்போவதாகச் சொன்னதும் நாங்களும் சாமான்களைக் கட்டினோம். அலுமாரிக்கு அடியில் அந்த நுவரெலியா சுவெட்டர் அகப்பட்டது, பூச்சி தின்றபடி.

லைனை வெட்டுவதற்கு முதல் நாள், எனக்கு ஒரு ஆசை வந்தது. அம்மாவிடம் அவளுடைய கைத்தொலைபேசியைக் கொடுத்து, வீட்டு நம்பருக்கு ஒருதரம் அடிக்கச் சொன்னேன். "என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போனாள். நான் அப்பாவின் கதிரையில் இருந்து, டெலிபோனின் முதுகில் உள்ளங்கையை வைத்து, மற்றக் கையால் ஒரு காதையும் தோளால் மற்றக் காதையும் பொத்திக்கொண்டேன். அடித்தது. முழங்கை வரை ஏறியது. ஆவி பிடிக்கும்போது போர்வைக்குள் அவர் என் தலையை அமுக்கிப் பிடிப்பாரே, அந்தப் பாரம்.

எத்தனை மணி அடிக்கவேண்டும் என்று நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. மூன்றாவதோடு அவளாகவே வைத்துவிட்டாள்.